நானூற்றுப் பதின்மூன்றாவது காளான்

ஏற்காட்டில் மழை தொடங்கிவிட்டால் சிலர் தரையைப் பார்த்தே நடப்பார்கள். மோதிரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். காளான் தேடுகிறார்கள். கண்டதைப் படம் எடுத்து, இடமும் தேதியும் பெயரும் எழுதி, கைப்பேசியில் உள்ள ஒரு செயலியில் ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். தவறென்றால் கீழே திருத்தி எழுதலாம்.

இவர்களில் யசோதா குரு. வயது முப்பத்து நான்கு, நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டும் வேலை. தேவசகாயம் சீடர். வயது அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற நில அளவையர். குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'டீச்சர்' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சார் கைபடாத சுத்தம். காளானைக் கத்தியால் தரையோடு நறுக்கென்று வெட்டுவார், பக்கத்தில் ஸ்கேல் வைப்பார், படம் எடுப்பார். "தோண்டி எடுங்க சார், அடி தெரியணும்" என்று டீச்சர் பலமுறை சொல்லியாயிற்று. சேறு ஒட்டுவது சாருக்குப் பிடிக்காது. நானூற்றுப் பன்னிரண்டு பதிவு போட்டிருந்தார். ஒன்றைக்கூட யாரும் தவறென்று சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம். இருக்காதா பின்னே?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் நாற்றுப்பண்ணைக்குள் வந்தபோது கையிலும் முழங்காலிலும் சேறு.

"டீச்சர், என் பதிவு எல்லாத்தையும் அழிக்கப்போறேன். எப்படி அழிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"முதல்ல உக்காருங்க சார். என்ன ஆச்சு?"

சொன்னார். வீட்டு வேலியோரம் கூட்டமாக வெள்ளைக் காளான் முளைத்திருந்தது. வழக்கம்போல் வெட்டி, 'புற்றுக்காளான், சாப்பிடலாம்' என்று எழுதி ஏற்றினார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "சமைக்கலாமாண்ணா?" என்று கேட்டாள். "தாராளமா சமைம்மா" என்று அள்ளிக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லாவுக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

அரைமணி நேரத்தில் படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு வந்தது. 'தண்டின் அடி எங்கே? தோண்டிப் பார்க்காமல் யாரும் தொடவேண்டாம்.' எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஈரமண்'. ஆள் யாரென்று தெரியாது.

"எனக்கு ரோஷம் வந்துடுச்சு டீச்சர். எனக்கே சொல்லித் தர்றானான்னு. அவனுக்குக் காட்டணும்னுதான் தோண்டினேன்."

"புத்துக்காளானுக்கு இருக்குமே, வேர் மாதிரி வால், அது நீளமா கீழ போச்சா?"

"இல்ல. முட்டை ஓடு மாதிரி வெள்ளையா ஒரு உறை. அதுக்குள்ள தண்டு உக்காந்திருந்துச்சு."

அந்த உறை உள்ள வெள்ளைக் காளான் ஆளைக் கொல்லும். எவ்வளவு வேகவைத்தாலும் விஷம் போகாது.

"ஸ்டெல்லா?"

"வெங்காயம் வதக்கிட்டிருந்தா. காளானை அப்பதான் நறுக்கி வெச்சிருந்தா. யாரும் வாயில வைக்கல. எல்லாத்தையும் வாங்கிப் புதைச்சுட்டேன்."

"நல்ல காலம் சார். நல்ல காலம்" என்றார் யசோதா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு எனக்குக் காபி போட்டுக் குடுத்தா டீச்சர். 'ஓடி வந்தீங்களேண்ணா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. அந்தக் காபி தொண்டையில இறங்கல. நான் எழுதினதை நம்பி யாரும் இனி எதையும் தொடக்கூடாது. அழிச்சுடறேன்."

"அழிங்க சார், உங்க பதிவு உங்க இஷ்டம். அந்த ஈரமண்ணுக்கு நன்றி சொன்னீங்களா?"

"இல்லையே!"

"முதல்ல அதைச் சொல்லுங்க. இது எப்படித் தெரிஞ்சுதுன்னும் கேளுங்க."

சார் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். யசோதா ஆரஞ்சு நாற்றுக்கு ஒட்டுக்கட்ட உட்கார்ந்தார். ஐந்து நாற்று முடிந்தபோது பதில் வந்தது. சார் உரக்கப் படித்தார்.

"'பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல? அது போதும் சார். நான் கூடலூர்ல பால் வண்டி ஓட்டறேன். பெரிய படிப்பெல்லாம் இல்ல. நாலு வருஷம் முந்தி ஒருத்தர் இதே தப்பைப் பண்ணியிருந்தாங்க. அடியை விட்டுட்டு வெட்டி, சாப்பிடலாம்னு போட்டிருந்தாங்க. கீழ நிறையப் பேர் திருத்தியிருந்தாங்க. அதைப் படிச்சதுலதான் எனக்குத் தெரியும். நீங்களும் பாருங்க.'"

கூடவே அந்தப் பழைய பதிவையும் அனுப்பியிருந்தார். சார் திறந்தார். வெள்ளைக் காளான், நறுக்கென்று வெட்டிய தண்டு, 'சாப்பிடலாம்' என்ற சொல். பதிவு செய்தவர்: யசோதா, ஏற்காடு.

சார் கைப்பேசியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நானேதான்."

"நாலு வருஷமா ஊரே பாக்கற மாதிரி கிடக்குதே. வெக்கமா இல்லையா டீச்சர்?"

"இப்பவும்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் அழிக்கல?"

யசோதா கையிலிருந்த ஒட்டை இறுக்கிக் கட்டி, நாற்றை நிழலில் வைத்தார்.

"அழிக்கத்தான் போனேன் சார். அதுக்குள்ள கீழ யாரோ எழுதியிருந்தாங்க, 'நல்லவேளை இந்தத் திருத்தத்தைப் பாத்தேன், சட்டியை அடுப்புல இருந்து இறக்கிட்டேன்'னு."