ஓட்டை விழாத கை

சொக்கலிங்கத்துக்கு அறுபத்தொரு வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு.

சொக்கலிங்கம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி, முதல்வராகி, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வீட்டில் உட்கார முடியவில்லை. கல்லூரிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் தர மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்துகொண்டார். குழுவின் தலைவர் ஜெபராணி, நர்ஸிங் பேராசிரியர். அளந்து பேசுகிறவர். இருவரும் முதலில் போன கல்லூரியில், மேசைமேல் வரிசையாக நிறுத்தியிருந்த பாட்டில் தண்ணீரை அவர் தொடவில்லை. எழுந்து போய், மாணவர்கள் குடிக்கும் குழாயில் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். அதே குழாயில் இன்னொரு டம்ளர் பிடித்துச் சொக்கலிங்கத்திடம் நீட்டினார். சொக்கலிங்கம் ஒரு மடக்கு விழுங்கினார். உப்புக் கரித்தது.

"இனிமே நீங்கதான் எனக்கு டீச்சர்."

"வயசுல பெரியவர் நீங்க. வேண்டாம் சார்."

"வயசு பென்ஷன் வாங்கத்தான் உதவும். நான் அப்படித்தான் கூப்பிடுவேன்."

கூப்பிட்டார். கூப்பிட்டதோடு விட்டாரா? வாதம் வேறு செய்தார். ஒரு நாள் வாதம் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

கரிசக்குறிச்சிக்குப் போகிற வழியெல்லாம் காரில் அவர் குரல்தான். அந்த ஊரில் ஒரு நர்ஸிங் கல்லூரி. தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது மாணவிகளின் இடங்களை இரட்டிப்பாக்கக் கேட்டிருந்தது. குழு நல்ல மதிப்பெண் போட்டால் கிடைக்கும், போடாவிட்டால் இல்லை.

"இந்தப் பக்கத்துல முன்னாடி என்ன இருந்தது டீச்சர்? சீமைக்கருவேலம். பொம்பளைப் பிள்ளைங்க பத்தாவது முடிச்சா தீப்பெட்டி ஆபீஸ். இன்னிக்கு வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நடக்குதுங்க. நாம போய் அது குறை, இது குறைன்னு எழுதினா யாருக்கு நஷ்டம்?"

ஜெபராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல படிப்பு பரவட்டும். தரம் பின்னாலேயே வரும். பட்டணத்து அளவுகோலைத் தூக்கிட்டு வந்து இங்கே வைக்கிறது அநியாயம். இந்த ஊருக்கு இது போதும்."

"எது போதும் சார்?"

"ஏதோ இருக்கிறது."

"ஏதோ" என்று ஜெபராணி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஒரு கல்லூரி தரமானதுன்னு எதை வச்சுச் சொல்றது?"

"பசிக்குது சார். அந்த இட்லிப் பொட்டலத்தை எடுங்க."

கல்லூரி வாசலில் நாதஸ்வரம் வாசித்தார்கள். நடைபாதையின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள். எல்லாத் தொட்டியிலும் ஒரே வாடகைக் கடையின் பெயர். அவசரத்தில் யாரோ சில தொட்டிகளை மட்டும் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்கள். முதல்வர் கனகவல்லி சால்வையோடு ஓடிவந்தார். கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. நடக்க நடக்க அது குலுங்கியது.

வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் சொக்கலிங்கம் அன்பாகக் கேட்டார். "சாப்பிட்டாச்சாம்மா?"

"எங்கள் கல்லூரியின் தொலைநோக்கு, கிராமப்புற மகளிரை உலகத்தரம் வாய்ந்த செவிலியராக உருவாக்குவது சார்!"

"ரொம்ப நல்லது" என்றார் சொக்கலிங்கம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெபராணி அந்தப் பெண்ணைப் பார்த்து, "போய்ச் சாப்பிடு" என்றார்.

செய்முறை வகுப்புக்கான அறை பளபளவென்று இருந்தது. சுவரோரம் கடைசி வருஷ மாணவிகள் ஆளுக்கொரு பூச்செண்டோடு நின்றார்கள். கனகவல்லி சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு ரப்பர் கை. தோளிலிருந்து விரல்வரை அசல் மனிதக் கை மாதிரி. ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் பழகுவதற்கென்று செய்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"வாங்கி மூணு வருஷமாகுது சார். ஒரு கீறல் இருக்கா, பாருங்க."

சொக்கலிங்கம் குனிந்து பார்த்தார். இல்லை. அவர் கையிலிருந்த படிவத்தில், 'கருவிகள் சேதமின்றிப் பராமரிக்கப்படுகின்றனவா?' என்று ஒரு வரி இருந்தது. 'மிக நன்று' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டார்.

ஜெபராணி ரப்பர் கையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உறைக்கு மேலேயே முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல யாரும் ஊசி போட்டதில்லையா?"

"போட விட்டுருவேனா மேடம்!" என்றார் கனகவல்லி.

ஜெபராணி ரப்பர் கையைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை உண்டில்ல?"

"உண்டு டீச்சர்."

"கடைசியா எப்ப ரத்தம் எடுத்துப் பார்த்தீங்க?"

"பார்க்கணும். தள்ளிக்கிட்டே போகுது."

"சட்டைக் கையை மடிச்சுக்கங்க. இங்கேயே எடுத்துடலாம். நிக்கிற பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தர் எடுக்கட்டும்."

சொக்கலிங்கம் ஒன்றும் யோசிக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"ஊர்ல எனக்கு வழக்கமா ஒரு லேப் இருக்கு டீச்சர். நல்ல லேப்."

"இது?"

சொக்கலிங்கம் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"இந்த ஊருக்கு இது போதும்னீங்களே சார்" என்றார் ஜெபராணி. குரலில் கேலி இல்லை. "நாமளும் இப்ப இந்த ஊர்லதானே இருக்கோம்."

மாணவிகள் பூச்செண்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள். கனகவல்லியின் நெற்றியில் வேர்த்தது. சொக்கலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது.

"நான் எடுக்கிறேன் மேடம்."

சுவரோரத்திலிருந்து ஒருத்தி பூச்செண்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். பெயர் சுடர்விழி என்று சட்டைப் பட்டையில் எழுதியிருந்தது.

"சுடர், சும்மா இரு" என்று கனகவல்லி பல்லைக் கடித்தார்.

"வரட்டும்" என்றார் ஜெபராணி.

சுடர்விழி கையைக் கழுவினாள். கையுறை மாட்டினாள். ஊசியைப் பிரித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் ஜெபராணி பார்த்துக்கொண்டே இருந்தார். சொக்கலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார்."

"எனக்கென்ன பயம்?"

"பிறகு ஏன் சார் மூச்சை அடக்கி வச்சிருக்கீங்க?"

சுவரோரத்தில் சிரிப்பு எழுந்து, கனகவல்லி திரும்பியதும் அடங்கியது.

அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் தடவித் தேடினாள். "இந்தக் கையில நரம்பு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு சார். இடதைக் கொடுங்க." இடது கையில் இரண்டு இடம் பார்த்து, மூன்றாவது இடத்தில் விரலை நிறுத்தினாள். "இருக்காரு."

சொக்கலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"குத்தும்போது சொல்லும்மா."

"எடுத்தாச்சு சார். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கங்க."

கண்ணைத் திறந்தார். சின்னக் குப்பியில் அவருடைய ரத்தம் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாதமும் வந்தது.

"பார்த்தீங்களா டீச்சர்! நான் என்ன சொன்னேன்? இதைவிட என்ன தரம் வேணும்?"

ஜெபராணி அவரைக் கவனிக்கவில்லை. "எங்கேம்மா கத்துக்கிட்ட?"

சுடர்விழி கனகவல்லியைப் பார்த்தாள். "சொன்னா திட்டுவாங்க மேடம்."

"திட்டட்டும். சொல்லு."

அவள் விடுதிப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது மார்போடு அணைத்து, துண்டில் சுற்றிய எதையோ கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.

இன்னொரு ரப்பர் கை. பழையது. முழங்கை மடிப்பில் தோலே தெரியாத அளவுக்கு ஓட்டைகள். சில இடங்களில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பஞ்சர் ஒட்டு. விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"இது கழிச்சுப் போட்டதாச்சே!" என்றார் கனகவல்லி.

"குப்பைக்குப் போறப்ப எடுத்துட்டோம் மேடம். ஒழுகினா ஒட்டுப் போட்டுக்குவோம். ரத்தத்துக்குப் பதிலா மெஸ்ஸுல பீட்ரூட் வேகவச்ச தண்ணி. நாங்க இவரைச் சித்தப்பான்னு கூப்பிடுவோம். எத்தனை குத்து குத்தினாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு."

சொக்கலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜெபராணி சிரிக்கவில்லை. அந்தக் கையைத் தூக்கி, ஓட்டைகளை விரலால் நிதானமாகத் தடவினார். பிறகு கனகவல்லியிடம் கேட்டார்.

"நல்லாத்தானே உழைச்சிருக்கு. ஏன் கழிச்சுப் போட்டீங்க?"

கனகவல்லி முதலில் தரையைப் பார்த்தார். அப்புறம் அவர் குரல் ஏறியது.

"நானா மேடம் போட்டேன்? போன தடவையும் இதே மாதிரி ஒரு குழு வந்துச்சு. இதே படிவம். கையில ஓட்டை இருக்கு, கருவி சேதம்னு மார்க்கைக் குறைச்சுட்டுப் போனாங்க. புதுசு வாங்கிப் பூட்டி வச்சேன். நானும் பதினஞ்சு வருஷம் வார்டுல நின்னவதான். ஓட்டை விழாத கையால யாருக்கு என்ன பிரயோசனம்னு எனக்குத் தெரியாதா? ஆனா மார்க் போடுறது நீங்க. நாங்க நீங்க பார்க்கிறதுக்குத் தகுந்த மாதிரிதானே வச்சுக்கணும்?"

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஜெபராணி சொக்கலிங்கத்தின் பக்கம் திரும்பினார். சொக்கலிங்கம் மடியில் கிடந்த படிவத்தைப் பார்த்தார். தான் போட்ட டிக் அங்கே இருந்தது. பேனாவை எடுத்து, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"சுடர்விழி, சித்தப்பாகிட்ட எத்தனை பேர் படிச்சீங்க?"

"எங்க ரூம்ல இருக்கிற அஞ்சு பேர் மேடம்."

"மத்தவங்க?"

சுடர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம் நின்றவர்களும்தான். இரண்டு மாதத்தில் அவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள். அவர்கள் முதன்முதலில் ஊசி குத்தப்போகும் கை யாரோ ஒரு நோயாளியின் கையாக இருக்கும்.

"அந்தச் சாவியைக் கொடுங்க" என்றார் ஜெபராணி.

கனகவல்லி கொத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அது சுடர்விழியின் கைக்குப் போயிற்று.

"உறையைக் கிழி."

"கெட்டுப் போயிடுமே மேடம்" என்றார் கனகவல்லி, பழக்கத்தில்.

"போகட்டும்."

பிளாஸ்டிக் சரசரவென்று கிழிந்தது. அந்தச் சத்தம் கேட்டு மாணவிகள் பூச்செண்டுகளைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். யார் முதலில் என்பதில் அதற்குள் சின்னத் தள்ளுமுள்ளு. "ஏய், நான்தான்டி முதல்ல." "போடி, உனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்."

"மேடம், கலை நிகழ்ச்சி இருக்கு. பிள்ளைங்க ஒரு மாசமாப் பழகியிருக்காங்க" என்றார் கனகவல்லி தயங்கியபடி.

"ஒரு மாசம்" என்றார் ஜெபராணி. கனகவல்லி அதற்குமேல் கலை நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குப் போனார். "அப்படி இல்லடி, ஊசியைச் சாய்ச்சுப் பிடி. கொண்டா இங்கே" என்று ஒருத்தியின் கையைப் பிடித்துச் சரிசெய்தார். அந்தக் குரல் அதுவரை அந்த அறையில் கேட்காத குரல்.

சொக்கலிங்கம் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. படிவத்தின் கடைசிப் பக்கம் இன்னும் காலியாக இருந்தது.

"டீச்சர், என்ன எழுதறது? இடங்களைக் கூட்டிக் கொடுக்கலாமா, கூடாதா? இந்த ஒரு பொண்ணை வச்சுக் கொடுத்துடலாம்னு தோணுது. மத்தவங்களை நினைச்சா கை வர மாட்டேங்குது. எதை வச்சுத்தான் முடிவு பண்றது?"

ஜெபராணி பழைய கையைத் துண்டில் சுற்றி, பூட்டப்படாத அலமாரியில், புதிய கை இருந்த இடத்தில் வைத்தார்.

"ரெண்டு மாசத்துல, இவங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, மறுபடி வர்றோம்னு எழுதுங்க சார். அன்னிக்குச் சுடர்விழி எடுக்க வேண்டாம், மத்த பிள்ளைங்கள்ல யாராவது எடுக்கட்டும். உங்களுக்குத்தான் இன்னொரு கை இருக்கே."

சொக்கலிங்கம் தன் வலது கையைப் பார்த்தார். அது இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் போகவில்லை.