பெருங்காயம், வாழையிலை, ஆவுடையப்பன்

குருபூசைக்கு முந்தின நாள் காலையிலும் ஆவுடையப்பன் தியான அறையிலிருந்து பாதியில் எழுந்து வந்தார். மடத்துச் சமையற்கட்டு அவர் பொறுப்பு. கண்ணை மூடினால் வாழையிலை வரும். இலையை விரட்டினால் கேஸ் சிலிண்டர் வரும்.

வாசலில் குரு நின்றிருந்தார். ஆவுடையப்பனைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் மற்றவர்களைப் போல ஆவுடையப்பனும் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

“எங்க கிளம்பிட்டீங்க அண்ணாச்சி?”

“இலைக்காரன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன் அம்மா.”

“இப்பதானே பால்காரர்ட்ட சொல்லிட்டு வந்தீங்க.”

“உட்காரத்தான் பாக்கேன். மனசு விடமாட்டேங்கு. வந்த நாள்லேருந்து இதே கதைதான். இந்தப் பூசை முடிஞ்சும் உட்கார வரலைன்னா நான் ஊருக்கே போயிருதேன். ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லுங்க.”

அம்மா சட்டைப்பையில் அடங்குகிற ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்து நீட்டினார்.

“மனசுல கிடக்கிற வேலையை எல்லாம் எழுதுங்க.”

“எனக்கு மறதியே கிடையாதே அம்மா.”

“தெரியும். அதனாலதான்.”

பக்கத்துச் சமையற்கட்டுக்குள் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் செண்பகம் சிரித்தாள். “எழுதச் சொல்லுங்க அம்மா. நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து கத்துற தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்.”

ஆவுடையப்பன் அவள் பக்கம் முறைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா வாசித்தார்.

“‘பெரியவருக்கு வேற’ன்னு இருக்கு. எந்தப் பெரியவர்? என்ன வேற?”

“எனக்குப் புரியும் அம்மா.”

“எனக்குப் புரியலையே.”

அடித்துவிட்டு, கோட்டைச்சாமி ஐயாவுக்கு உப்பில்லாத ரசம் என்று எழுதினார். ‘அந்தக் கடை’ என்றிருந்த இடத்தில் கடையின் பெயரைப் போட்டார். பெருங்காயம் எந்த டப்பாவில் என்பது வரை எழுத வேண்டியதாயிற்று.

“சமையற்கட்டு மேசை மேல வச்சிட்டுப் போய் உட்காருங்க.”

உட்கார்ந்து கண்ணை மூடினார். இலை வந்தது. எழுதியாயிற்று என்றதும் போய்விட்டது. சிலிண்டரும் அப்படியே. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. பதறிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினார்.

மூலையில் இலைக்கட்டுகள் ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்தன. புது சிலிண்டர் வந்திருந்தது. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு செண்பகம் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இலையை யாரு வாங்கினது?”

“நாங்கதான். அதான் எல்லாம் எழுதியிருக்கீயளே. நீங்க போய் உட்காருங்க அண்ணாச்சி. பெரியவர் ரசத்துல நாங்க உப்பு போட மாட்டோம்.”

இலைகளைப் புரட்டினார். ஒன்றாவது கிழிந்திருக்கும் என்று பார்த்தார். இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தார். நிறைந்திருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விறுவிறுவென்று அம்மாவிடம் வந்தார்.

“நான் இல்லாமலே எல்லாம் நடக்கு.”

“ஆமா.”

“முன்னைவிட இப்பதான் மனசு கிடந்து அடிச்சுக்கிடுது.”

“என்ன சொல்லுது?”



“அப்ப நான் எதுக்குன்னு கேக்குது.”

“நோட்டுல எழுதிப் பார்க்கிறதுதானே?”

“இதை எப்படி அம்மா எழுத?”

“அப்ப அதைக் கூட்டிக்கிட்டுப் போய் உட்காருங்க.”