மூன்றாவது விசில்

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற தாமோதரனுக்கு, வீட்டில் சும்மா இருந்தால் எல்லோரோடும் சண்டை வந்தது. அதனால் மெஹருன்னிசா நடத்திய கலை விமர்சன வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டாருக்கும் நிம்மதி.

முதன்முதலாக ஒரு பத்திரிகையில் அவருக்கு ஒரு பக்கம் கிடைத்திருந்தது. ஒரு கண்காட்சியைப் பற்றிய விமர்சனம் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாயிற்று. இனி பெயர் அச்சில் வராவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது.

மெஹருன்னிசா கட்டுரையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வேண்டாம் சார்.”

தாமோதரனின் முகம் தொங்கிப்போயிற்று. “என்ன தப்பு டீச்சர்? ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதினேன்.”

“தப்பே இல்ல. அதான் பிரச்சினை. வாங்க, அங்கயே போய்ப் படிச்சுப் பார்ப்போம்.”

கண்காட்சிக் கூடத்தின் நடுவே, வெள்ளைப் பீடத்தின் மேல் ஒரு பழைய பிரஷர் குக்கர் இருந்தது. அடுப்பு கிடையாது. உள்ளே ஏதோ கருவியை வைத்து, அவ்வப்போது விசில் அடிக்கும்படி செய்திருந்தார் கலைஞர். தாமோதரன் எழுதியது இதைப் பற்றித்தான்.

மெஹருன்னிசா குக்கரின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார்.

“‘காலத்தின் உறைநிலையில், இருப்பின் வெறுமை தன்னைத் தானே விசாரித்துக்கொள்கிறது.’”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தாமோதரன் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

பக்கத்தில் ஒரு பெரிய நீல ஓவியம். மெஹருன்னிசா அதன் முன்னால் போய் அதே வரியைப் படித்தார். பொருந்தியது. மூலையிலிருந்த இரும்புச் சிற்பத்துக்கும் படித்தார். அதற்கும் பொருந்தியது. கடைசியில் வாசலுக்குப் போய், வாட்ச்மேனின் காலி நாற்காலிக்குப் படித்துக் காட்டினார். இருப்பதிலேயே அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது.

தாமோதரனுக்கு அந்த நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“முதல் தடவை குக்கரைப் பார்த்தப்போ என்ன பண்ணீங்க சார்?”

“அதை மட்டும் கேட்காதீங்க டீச்சர்.”

“சும்மா சொல்லுங்க.”

“சிரிச்சுட்டேன். சத்தமா. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. கலைன்னா என்னன்னே தெரியாத ஆளுன்னு நினைச்சிருப்பாங்க. மானம் போச்சு.”

“அந்தச் சிரிப்பு கட்டுரையில எந்த இடத்துல வருது?”

“அதையெல்லாம் விமர்சனத்துல எழுதுவாங்களா?”

மெஹருன்னிசா அவரைத் திரும்பவும் குக்கரிடம் கூட்டிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி குரலைத் தாழ்த்தினார். இரண்டாவது விசில். சிற்பத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் நடுவிலேயே நின்றார்கள்.

மூன்றாவது விசிலும் வந்தது.

“ஒரு நிமிஷம் இருடி,” என்று போனில் சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி குக்கரை நோக்கி இரண்டடி வைத்துவிட்டார். தாமோதரன் குனிந்து பார்த்தார். தன்னுடைய வலது கை பீடத்தின் பக்கம் நீண்டு, அங்கே இல்லாத அடுப்பின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால், டீச்சரின் கையும் அதே இடத்தில்தான் இருந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. போன் பெண்மணி சிரித்தார், பையன்கள் சிரித்தார்கள், வாட்ச்மேனும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து சேர்ந்து சிரித்தார். தாமோதரன் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு நினைப்பு வந்தது.

“ஐயோ டீச்சர், சாயங்காலத்துக்குள்ள கட்டுரை போகணுமே! இருந்ததும் போச்சு. இனி எதை வச்சு எழுதறது?”

மெஹருன்னிசா அவருடைய வலது கையைக் காட்டினார்.

“அடுப்பை அணைக்கப் போச்சே, அந்தக் கையை வச்சு எழுதுங்க சார்.”