அட்டை காட்டிய இடம்

சுனைக்கரை மருதமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. உள்ளே ராணி, முட்டைகள், கண் திறக்காத குஞ்சுகள்.

ஒருநாள் ஆட்டுக்குத் தழை வெட்டச் சடையாண்டி வந்தான். ஊரில் வேறு மரமே இல்லாத மாதிரி, கரையில் நின்றபடி கூடு இருந்த கிளையிலேயே அரிவாளைப் போட்டான். கிளை முறிந்தால் கூடு நேரே சுனைத் தண்ணீருக்குள்தான்.

"எல்லாரும் தலைக்கு ஏறுங்கடா!" என்று உத்தரவு போட்டான் படைத்தலைவன் செம்பன். ராணி போனால் கூடே போச்சு என்பது எறும்பு வழக்கம். மனிதனுக்கு மூளைதான் ராணி என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். படை சட்டை வழியே மேலே ஏறியது. அங்கே தடித்த முண்டாசு. கடித்துக் கடித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம். சடையாண்டி அவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

அவனுடைய இடது குதிகாலில் ஓர் அட்டை சாவகாசமாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்த படையைப் பார்த்து அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தம்பி, மூளை ராஜாதான். ஆனா ராஜா எலும்புப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்காரு! அங்கேருந்து முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் இறங்குது. அதுலேருந்து நரம்புங்க நூல் நூலாப் பிரிஞ்சு விரல் நுனி வரைக்கும் ஓடுது. கடிச்ச சேதி அந்த வழியா மேல போனாத்தான் ராஜாவுக்கு வலி தெரியும்."

"அப்போ எங்கண்ணே கடிக்கணும்?"

"இந்தா, என் பக்கத்துலயே கடி."

அங்கேதான் அட்டையின் அயோக்கியத்தனம். வாய் வைத்ததுமே அது தன் எச்சிலால் அந்த இடத்தை மரத்துப்போக வைத்திருந்தது. அங்கே கடித்தால் ஒரு சேதியும் மேலே போகாது, தன் விருந்தும் கெடாது. அடுத்தவர் குஞ்சுகள் தண்ணீரில் போனால் அதற்கென்ன வந்தது?

படை கடித்தது. சடையாண்டி சொறியக்கூட இல்லை. மேலே கிளை மளுக்கென்றது. அப்போதுதான் செம்பனுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமாக இந்த அட்டை உறிஞ்சுகிறதே, அந்தச் சேதி ஏன் மேலே போகவில்லை?

அவன் படையைத் திருப்பிக்கொண்டு வலது காலுக்கு ஓடினான். விரலிடுக்கில் பல் பதிய ஒரே கடி.

கால் துள்ளியது. ராஜாவைக் கேட்கக்கூட இல்லை, தண்டுவடமே உத்தரவு போட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் சேதி மூளைக்குப் போய்ச் சேர்ந்து, "யாத்தே!" என்று சடையாண்டி அலறினான். எறும்புகள் உதிர்ந்து தப்பின. எரிகிற வலது காலை அவன் இடது குதிகாலில் வைத்து அழுத்தித் தேய்த்தான். அட்டை கூழாகிப்போனது. அவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினான். கூடு ஆடியது, ஆனால் விழவில்லை.

பாதி உண்மையைச் சொல்லி அடுத்தவரை ஏமாற்றுபவனுக்கு, மறைத்து வைத்த மீதிப் பாதியே எமனாகும்.