ஒரு சொம்பு மோரும் முன் ஃபோர்க்கும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. உலக்கைப்பட்டி வழியாகப் போகும் மினி பஸ்ஸின் கண்டக்டர் சொல்லிக் கேட்டது. அவரும் பாதியைத்தான் பார்த்தாராம். மீதியை அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதைக் கேட்டபடி வைக்கிறேன்.

உலக்கைப்பட்டி தவசிக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவனிடம் பழைய பைக் ஒன்று இருந்தது. அதில் கரட்டூரிலுள்ள அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி பேச்சியம்மாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்ப ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

“இது வண்டியா, மாவு மில்லா? ஒரு சொம்பு மோரை இதுல வச்சு, உங்க ஊர்லருந்து சிந்தாம இங்க கொண்டாந்து காட்டுங்க. அன்னைக்கு நான் ஏறுறேன்.”

பத்து நாளாகத் தவசி தானே பொங்கித் தானே சாப்பிட்டான். பதினோராம் நாள் காலை, அடிபிடித்த சோற்றைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டாளிகள் மாயாண்டியையும் சங்கிலியையும் அழைத்துக்கொண்டு டவுனில் மெக்கானிக் யாகூப் பாயிடம் போனான்.

பாய் வண்டியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். “குலுக்கலைத் தாங்குற முன் ஃபோர்க் ரொம்ப இறுக்கமா இருக்கு. ரெண்டு பக்கமும் மேல திருகு இருக்குல்ல, அதைச் சமமா லூஸ் பண்ணு. ஒரு தடவைக்கு அரைச் சுத்துதான். அதே ரோட்டுல, அதே வெயிட்டோட ஓட்டிப் பாரு. திருகு மட்டும்தான் மாறணும், வேற எதுவும் மாறக் கூடாது. அப்பத்தான் எதனால சரியாச்சுன்னு தெரியும்.”

மூவரும் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

முதல் ஓட்டத்தில் தவசி ஓட்ட, மாயாண்டி சொம்போடு பின்னால் உட்கார்ந்தான். கரட்டூர் ரோட்டில், கல்பாலத்துப் பள்ளத்தில் வண்டி இறங்கியது. முக்கால் சொம்பு மோர் மாயாண்டியின் சட்டையில். போதாக்குறைக்கு நாக்கையும் கடித்துக்கொண்டான். அரைச் சுற்றுத் திருகிவிட்டு மறுபடி கிளம்பும்போது சங்கிலி கையைக் காட்டி நிறுத்தினான்.

“மாப்ள, போன தடவை நீ அஞ்சு இட்லி சாப்பிட்டிருந்த. அது இந்நேரம் செரிச்சிருக்குமே?”

தவசி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. இன்னும் ஐந்து இட்லி சாப்பிட்டான்.

“நாயி?” என்றான் மாயாண்டி. “பாலத்துக்கிட்ட ஒரு செவலை நாய் குறுக்க வந்துச்சே. அதுவும் மாறக் கூடாதுல்ல?”

செவலை நாயைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரமானது. பிறகு சங்கிலி அதைப் பாலத்தடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, வண்டி வரும்போது சரியாகக் கையை விட்டான். நாய்க்கு ஒன்றும் வருத்தமில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பொறை ரொட்டி கிடைத்தது.

மாயாண்டியின் எடை மாறிவிடுமோ என்று தவசிக்குக் கவலை. ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். எழுபத்திரண்டு கிலோ. அதைப் பெட்ரோல் டேங்கில் சுண்ணாம்பால் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் அரைச் சொம்பு மிஞ்சியது. ஐந்தாவதில் இரண்டு விரல்கடை மட்டும் சிந்தியது. அதற்குள் தவசி இருபத்தைந்து இட்லி சாப்பிட்டிருந்ததால் மீதியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. தவசி அப்படியே கரட்டூருக்கு விட்டுவிடப் பார்த்தான்.

“நிறுத்து, நிறுத்து! பள்ளம் எங்க?” என்றான் மாயாண்டி.

திரும்பிப் பார்த்தார்கள். காலையில் பஞ்சாயத்து ஆட்கள் வந்து ஜல்லியும் தாருமாகப் போட்டுப் பள்ளத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

“ரோடு மாறிப்போச்சு” என்றான் சங்கிலி, நாயை அணைத்தபடி.

தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “எல்லாம் கூடி வர்ற நேரத்துல இப்படிக் கெடுத்துட்டாங்களே!”

வேறு வழியில்லை. கடப்பாரை கொண்டுவந்து தோண்டினார்கள். பழைய ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் நினைவில்லை. எனவே திருகைப் பழையபடி இறுக்கிவைத்து, மாயாண்டி நாக்கைக் கடித்துக்கொள்ளும்வரை தோண்டினார்கள். அவன் ‘ஆ’ என்றதும், “அதே பள்ளந்தான்” என்று முடிவாயிற்று. மறுபடி அரை அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். அந்தி சாயும்போது வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. மோர் அசைந்தது, சிந்தவில்லை.

மறுநாள் காலை, ஐந்து இட்லி வயிற்றோடு தவசி கரட்டூர் போய்ச் சேர்ந்தான். பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப் பையை எடுத்து வந்தாள்.

“மாயாண்டி அண்ணே, இறங்குங்க.”

மாயாண்டி இறங்கவில்லை. “இறங்குறதுக்கென்ன தங்கச்சி. ஆனா இது எழுபத்திரண்டு கிலோவுக்குச் செட் பண்ணது. நீ எத்தனை?”

“நாப்பத்தெட்டு.”

தவசி விரல் விட்டுப் பார்த்தான். “இருபத்தி நாலு குறையுதே, பேச்சி.”

“வீட்ல இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை இருக்கு. மடியில வச்சுக்கிறேன்.”

அவள் வந்துவிட வேண்டுமென்று தவசிக்கு உயிர் துடித்தது. ஆனால் பாய் சொன்னதை நினைத்துக்கொண்டான். “ஒரு கிலோ கூடிருமே” என்றான்.

பேச்சியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இங்க இருந்து உங்களை நெனச்சுப் பயப்படுறதுக்கு, அங்க வந்து பார்த்துக்கிட்டே பயப்படலாம்” என்று மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள். தவசி மாயாண்டியைப் பின்னால் வைத்து, அலுங்காமல் குலுங்காமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தான். கல்பாலத்துப் பள்ளத்தில் பஸ் குதித்ததில் பேச்சியம்மாளின் தலை கூரையில் இடித்ததைக் கண்டக்டர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்த எழுபத்திரண்டு கிலோ மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ரேஷன் கடைக்காரரிடம் போய் விசாரித்தேன். நிறுத்தது உண்மைதான். எழுபத்திரண்டும் சரிதான். அந்த நேரம் சங்கிலி பொறை வாங்கப் போயிருந்ததால், நாய் மாயாண்டியின் கையில் இருந்திருக்கிறது.