கூரையில் தொங்கும் பங்காளி

மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஓர் ஆற்றங்கரையில் தலிபோங் என்றொரு ஊர் இருந்தது. கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் தென்னந்தோப்பு, ஐம்பது மூங்கில் வீடுகள், அவ்வளவுதான் ஊர். வெள்ளத்துக்குப் பயந்து ஒவ்வொரு வீடும் ஆளுயர மூங்கில் கால்கள் மேல் நின்றது. ஊரார் நல்லவர்கள்தான். நல்லவர்களிடமும் சில கிறுக்குச் சட்டங்கள் இருக்கும் இல்லையா, தலிபோங்கிலும் ஒன்று இருந்தது.

ஒருவர் வீட்டு வேலையில் இன்னொருவர் கை பட்டுவிட்டால், அந்த வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. நினைத்தபோது வந்து உத்தரத்தில் வலை ஊஞ்சலைக் கட்டிப் படுத்துக்கொள்ளலாம். எழுப்பிவிட யாருக்கும் உரிமை இல்லை. உதவி செய்தவரை மறக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்திய சட்டம் அது. பலன் என்ன ஆயிற்று என்றால், உதவி கேட்கவே எல்லாரும் பயந்தார்கள். உதவப் போனால் பங்குக்கு அலைகிறான் என்று பேச்சு வருமே என்று மற்றவர்களும் ஒதுங்கி நின்றார்கள். பக்கத்து வீட்டுக் கூரை காற்றில் பறந்தால்கூட, கையைக் கட்டிக்கொண்டு ‘அடப் பாவமே’ என்பதோடு சரி.

அந்த ஊரில் பாய் முடைகிறவள் இலாயா. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, மூன்று வருஷம் ஒற்றை ஆளாகப் பாடுபட்டு ஆற்றோரமாய் ஒரு வீடு கட்டினாள். மூங்கில் வெட்டியது அவள், ஓலை வேய்ந்தது அவள். கொழுந்தன் வீட்டு மூலையில் ஒண்டிக் கிடந்து, அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட சோறு அவளுக்கு மறக்கவில்லை. இனி யார் வீட்டிலும் ஒண்டுவதில்லை, யாரையும் ஒண்டவிடுவதும் இல்லை என்று இருந்தாள்.

அதை மீறி ஒண்டப் பார்த்தது ஒரே ஒருவன்தான், துக்கோ. துக்கோ என்றால் நம் வீட்டுப் பல்லிக்குப் பெரியப்பா முறை. முழங்கை நீளம், சாம்பல் உடம்பில் செம்புள்ளிகள். அப்போதெல்லாம் அது மரப்பொந்தில்தான் இருந்தது. கரப்பான் பூச்சி ஆசையில் தினமும் இலாயா வீட்டுக் கூரைக்குள் நுழையும். தினமும் அவள் துடைப்பத்தை எறிவாள். தினமும் குறி தவறும்.

அந்த வருஷ மழையில் ஆறு திசை மாறியது. கரையை நாளுக்கு ஒரு முழமாகத் தின்றுகொண்டு வந்தது. வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு முழம்தான் மிச்சம். வீட்டைப் பிரிக்கலாம் என்றால், ஒருமுறை பிரித்த ஓலை மறுபடி கூரைக்கு ஆகாது. மழைக்காலம் முழுவதும் கொழுந்தன் வீட்டில்தான் கிடக்க வேண்டும். இலாயா படியில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊரைக் கூப்பிடேன்மா” என்றது கூரை விளிம்பிலிருந்து துக்கோ.

“கூப்பிட்டா ஆளுக்கொரு பங்கு கேப்பாங்க. அப்புறம் என் வீடு எங்க இருக்கும்?”

“இப்ப ஆத்துக்கு முழுசாக் குடுக்கப் போற. ஊருக்குக் குடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு?”

துடைப்பத்தைத் தேடிய கை அப்படியே நின்றுவிட்டது. இலாயா எழுந்தாள். சந்தைத் திடலுக்குப் போய், பேச்சை நிறுத்தி எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை நின்றாள். கேட்டுப் பழகாத வாயைத் திறந்து கேட்டாள்.

“என் வீட்டத் தொடுங்க. மேட்டுல பலா மரத்தடிக்கு அது போகணும். தொட்டவங்க எல்லாருக்கும் பங்கு தரேன்.”

தலிபோங்கில் யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை அது. முதலில் பாலாங் என்ற மீன்காரன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தான். அவளோடு வேலித் தகராறில் இரண்டு வருஷமாகப் பேசாதவன் அவன். அவன் பின்னால் இன்னொருவன், அவன் பின்னால் ஊரே.

வீட்டின் கால்களைத் தோண்டி எடுத்தார்கள். தரைக்கு அடியில் நீள மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிக் கட்டினார்கள். நாற்பது பேர் தோள் கொடுத்தார்கள். வீடு எழும்பியது. எழும்பிய வேகத்தில் சாய்ந்தது. முன்னால் இருப்பவன் நட என்கிறான், பின்னால் இருப்பவன் நில் என்கிறான். சேர்ந்து வேலை செய்தே அறியாத ஊர், எப்படி ஒத்து நடக்கும்? உள்ளே பானைகள் உருண்டன. அதற்குள் கரையில் இன்னொரு முழம் சரிந்து ஆற்றில் விழுந்தது.

துக்கோவுக்குப் பொறுக்கவில்லை. நாலு காலை ஒழுங்காக மாற்றி வைக்கத் தெரிந்த பிராணி அது. ஆனால் நாற்பது பேருக்கும் கேட்க வேண்டுமென்றால் கூரை முகட்டில் நின்று கத்த வேண்டும். நட்டநடு மத்தியானம், மேலே செம்பருந்து வட்டமிடுகிறது. வெளிச்சத்தில் வெட்டவெளிக்கு வந்த துக்கோ எதுவும் பொந்துக்குத் திரும்பியதில்லை. இருந்தும் ஏறியது.

முதலில் படபடவென்று தொண்டையை அடித்துக்கொண்டது, எல்லாரும் மூங்கிலைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பிறகு உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, “துக்” என்றது. நாற்பது கால்கள் எழுந்தன. “கோ” என்றது. நாற்பது கால்கள் ஒன்றாய் ஊன்றின. துக்... கோ. துக்... கோ. வீடு நடந்தது!

மேட்டுக்குப் போகும் வழியில் குறுக்கிட்ட வாய்க்கால் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் எல்லாரும் நிற்கும்போது பருந்து தாழ்ந்து வந்தது.

“வாய மூடிட்டு எறங்கிப் போயிரு, விட்டுடறேன்” என்றது.

இறங்கலாம். இறங்கினால் கால் தடுமாறும், வீடு நாற்பது பேர் தலையில் விழும். துக்கோ கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த “துக்”கை முன்னைவிடச் சத்தமாய்ச் சொன்னது. பருந்து இறக்கையை மடக்கிப் பாய்ந்தது.

தோள் கொடுத்தவர்களுக்காகக் காய்ச்சிய கஞ்சிப் பானையைச் சுமந்து முன்னால் போய்க்கொண்டிருந்த இலாயா மூடியை எடுத்து வீசினாள். ஆயிரம் தடவை துடைப்பத்தை எறிந்து குறி தவறியவளுக்கு அன்று தவறவில்லை. பருந்து இரண்டு இறகை உதிர்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடியது. “கோ” என்றது துக்கோ. நாற்பது கால்கள் கரையேறின.

பலா மரத்தடியில் வீட்டை இறக்கியபோது துக்கோ காற்றுப் போன துருத்தி மாதிரி நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டது. கீழே ஊரே ஆர்ப்பரித்தது. யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் வீடு நின்ற இடம் அப்போதுதான் சரிந்து தண்ணீரோடு போனது. இலாயா அதைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இஞ்சி போட்ட கஞ்சியை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வந்து ஊஞ்சலைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை அவள்.

பாலாங் கஞ்சியை மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான். “என் பங்கு இதோ வயித்துக்குள்ள போயிருச்சு, அக்கா. நாளைக்கு என் வீட்டுக்கும் இதே தோளு வரணும், அது போதும்.” மற்றவர்களும் தங்கள் பங்கைக் குடித்து முடித்தார்கள்.

“எனக்குக் கஞ்சி ஆகாது” என்றது மேலேயிருந்து ஒரு குரல். “சட்டம் சட்டந்தான். என் பங்கு எனக்கு வேணும்.” சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, ஊஞ்சல் இல்லாததால் உத்தரத்தில் தானே தலைகீழாகத் தொங்கிக்கொண்டது. இலாயா துடைப்பத்தை எடுத்தாள். தரையைப் பெருக்கிவிட்டு மூலையில் வைத்தாள்.

அந்த மத்தியானத்திலிருந்துதான் தலிபோங்கில் ஒரு வீடு இடம் மாறினால் ஊரே தோள் கொடுக்கிறது. கூலி, ஒரு கிண்ணம் இஞ்சிக் கஞ்சி. நம் ஊர்ப் பல்லி பலன் சொல்லும், துக்கோவுக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. அது முதலில் படபடவென்று தொண்டையை அடித்துக்கொள்ளும், துக்-கோ, துக்-கோ என்று ஐந்தாறு அடி வைக்கும், கடைசியில் ஒரு பெருமூச்சு விடும். இலாயாவின் வீட்டை அது இன்னும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.