பதினெட்டு மூச்சு

கடகடவென்று ஒரு சத்தம் வராந்தாவில் உருண்டு வந்தது. கனத்த இரும்பு ஒன்று சிமெண்டுத் தரையில் சாய்ந்து உருளும் சத்தம். மருந்து அறையில் உட்கார்ந்திருந்த பாக்கியசீலிக்கு எட்டிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது, ஆக்சிஜன் சிலிண்டர் யாருக்கோ போகிறது என்று. மடியில் இருந்த கேள்விப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினாள்.

நாலாம் படுக்கை. ஆவுடையப்பன் என்கிற பெரியவர், நெஞ்சில் சளி கட்டி வந்து சேர்ந்தவர். இவள் போய் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பத்து மணிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"பத்து மணிக்கு மூச்சு பதினெட்டு. நல்லாத்தானே இருந்திருக்கார்." பெரியவரின் மகள் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் எதுவும் குடுத்தீங்களாம்மா?"

மகள் சண்முகவடிவு கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"கஞ்சி. ரெண்டு கரண்டி."

"படுக்க வச்சபடியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"புரையேறியிருக்கு. படுத்துக் கிடக்கிறவருக்கு இப்படிக் குடுக்கலாமா?"

டாக்டர் கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். சண்முகவடிவு கரண்டியைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நெடுநேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பெரியவரின் கண்களைப் பாக்கியசீலிதான் மூடிவிட்டாள்.

அந்தப் பதினெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரஷரை மெஷின் சொல்லும். நாடியையும் அதுவே சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனுஷர்தான் எண்ணியாக வேண்டும். ஒரு முழு நிமிஷம், வேறொன்றும் செய்யாமல், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினாறு படுக்கைக்குப் பதினாறு நிமிஷம். யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே எல்லாருக்கும் பதினெட்டு என்று எழுதிவிடுவார்கள். சிலர் இருபது என்று எழுதுவார்கள். கட்டம் காலியாக இருந்தால்தான் மேட்ரன் திட்டுவார். பதினெட்டு என்று இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்றைக்கு ஒன்பதரை மணிக்கே சண்முகவடிவு வந்து சொல்லியிருந்தாள். "சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்கு."

"வாறேன்," என்றாள் பாக்கியசீலி.

பத்து மணிக்குப் போனாள். மெஷினைக் கட்டினாள், அவிழ்த்தாள், எழுதினாள். முகத்தைப் பார்க்கவில்லை. பாதியில் விட்டுவந்த கேள்வி தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அதற்கு விடை குறித்தாள். முதியவர் ஒருவர், மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்து நாலு, உதடு நீலம், முதலில் என்ன செய்வாய் என்பது கேள்வி. அவள் குறித்த விடை சரியானது.

வளைகுடாவில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் பரீட்சை அது. இரண்டு தடவை தோற்றாயிற்று, இது கடைசித் தடவை. அவளுடைய ஒரே மகன் அங்கே ஒரு கடையில் நிற்கிறான். அவன் முகத்தை நேரில் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே அந்தப் பரீட்சைக்குப் பாடம் நடந்தது. நடத்தியவள் சுபிஜா. பாக்கியசீலியைவிடப் பத்து வயது சின்னவள். இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

பெரியவர் இறந்து பத்தாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம். மாதிரித் தேர்வு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். சுபிஜா அடுத்த வகுப்புக்கான கேள்வித்தாள்களுக்கு ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கங்களை வரிசையாக அடுக்கித் தருவது பாக்கியசீலியின் வழக்கம். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தொண்ணூத்தாறு வாங்கியிருக்கீங்க அக்கா. நாலுதான் தப்பு, அதுலயும் ஒண்ணு நான் தப்பா அச்சடிச்சது. பிஸ்கட்டாவது வாங்கித் தரக் கூடாதா?"

பாக்கியசீலி சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும் டீச்சர். பரீட்சையில வராத கேள்வி."

"வராத கேள்விக்கு நான் ஃபீஸ் வாங்கறதில்ல. கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பதரையை, பத்தை, பதினெட்டை, கரண்டியை. சுபிஜா ஐயோ என்று சொல்லவில்லை. பின் அடிப்பதை நிறுத்தினாள். பெஞ்சின் மேலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு அதில் மல்லாந்து படுத்தாள்.

"எண்ணுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"மூச்சை. ஒரு நிமிஷம்."

பாக்கியசீலி கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமானது என்பது இருபது வருஷ நர்ஸுக்கு மறந்துபோயிருந்தது. கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். முள் மெதுவாகச் சுற்றி வந்தது.

"பதினாலு."

"வேற என்ன பாத்தீங்க?"

"இடது கண் துடிக்குது. சரியாத் தூங்கி நாளாச்சு. மத்தியானம் சாப்பிடல."

"அது எப்படித் தெரியும்?"

"வயிறு ஒட்டியிருக்கு. சத்தமும் போடுது."

"உப்புமா. பிடிக்கல." சுபிஜா எழுந்து உட்கார்ந்தாள். "வீட்டுல யாருமே கவனிக்கல."

பாக்கியசீலி கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டாள். கொக்கி மாட்ட வரவில்லை.

"அன்னைக்கு இப்படி நின்னிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா டீச்சர்?"

"தெரியாது."

"பிழைச்சிருக்க மாட்டார்னு சொல்லுங்களேன்."

"தெரியாததை எழுதப் போய்த்தானே இவ்வளவும்."

கொக்கி ஒருவழியாக மாட்டிக்கொண்டது. பிறகு பாக்கியசீலி மெல்லச் சொன்னாள். "திங்கக்கிழமை மேட்ரன் அனுபவச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுதாங்க. அது இல்லாம பரீட்சைக்குள்ள விட மாட்டாங்க. புதன்கிழமை பரீட்சை. நான் வாயைத் திறந்தா ரெண்டும் போச்சு, பிள்ளையைப் பாக்கிறதும் போச்சு. திறக்கலைன்னா ஒரு பயலுக்கும் தெரியாது. செத்தவர் எழுந்து வரப்போறதில்ல. நான் என்ன செய்ய?"

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"எங்க வார்டு ஆயா அவ தெருவுலதான் இருக்கு. கஞ்சியைக் குடுத்து அப்பாவைக் கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதாளாம். சோத்தையே தொடலையாம், வெறும் காப்பித் தண்ணிதான்."

சுபிஜா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கேள்வித்தாளுக்கு எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதி, அவள் பக்கம் தள்ளினாள். பாக்கியசீலி வாசித்தாள்.

'நாலு பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் டாக்டர், நலமாக இருக்கிறார். ஒருவர் நர்ஸ், மனவருத்தம் உண்டு, சாப்பிடுகிறார், நாடி சீராக இருக்கிறது. ஒருவர் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. முதலில் யாரிடம் போவாய்?'

"சுலபமான கேள்விதான்," என்றாள் சுபிஜா. "போன வாரம் இதே மாதிரி இருபத்தஞ்சு குடுத்தேன். எல்லாத்தையும் சரியாப் போட்டீங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு என்று புறப்பட்டவள் கொக்கிரகுளம் பஸ்ஸில் ஏறினாள்.

சண்முகவடிவு தன் வீட்டு வாசலில், இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. இவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வாங்க சிஸ்டர். இருங்க, காப்பி போடுதேன். அப்பா கண்ணை மூடிவிட்ட கை உங்க கை."

"வேண்டாம்மா. நான் நின்னுக்கிட்டே சொல்லிடுதேன்."

சொன்னாள். சுளகின் மேல் விரல்கள் நின்றன.

"ஒம்பதரைக்கு நான் வந்து சொன்னேம்லா?"

"சொன்னீங்க."

"வாறேன்னீங்க."

"ஆமா."

"அந்தப் பதினெட்டு?"

"எண்ணல. சும்மா எழுதினது."

"அப்போ கஞ்சி இல்லையா?"

இல்லை என்ற சொல் பாக்கியசீலியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த முகம் மலர்ந்திருக்கும். அவளுக்கும் அது எளிதாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதும்மா. ஆனா கஞ்சிக்கு அரை மணிநேரத்துக்கு மேல முன்னாலயே மூச்சு கெட்டுப்போச்சு. அதை நீங்க பாத்தீங்க. நான் பாக்கல."

சண்முகவடிவு ஒரு இலையை எடுத்தாள், சுற்றாமல் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் எங்கிட்டப் பேசிப் பதினோரு நாளாச்சு. வந்தவங்களுக்கு உலை வைக்கப் போனேன். உன் கையால வேண்டாம்னுட்டான்." குரல் உயரவில்லை. "நீங்க இந்தப் பதினோரு நாளும் சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"

"சாப்பிட்டேன்."

"ம்."

உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்தாள். "இதை எழுதிக் குடுங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

பாக்கியசீலி வாசல்படியில் உட்கார்ந்து எழுதினாள். தேதி, நேரம், பேர், நர்ஸ் பதிவு எண். ஒன்றையும் விடவில்லை. சண்முகவடிவு அதை ஒரு தடவை வாசித்தாள், இன்னொரு தடவையும் வாசித்தாள்.

"போங்க," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை அவளே மேட்ரனிடம் போய், எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாங்கள்லாம் என்ன எண்ணியாடி எழுதுதோம்?" என்று மெல்லக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போடாத சான்றிதழை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். விசாரணை முடியும்வரை வார்டு கிடையாது, டிரெஸ்ஸிங் அறையில் பஞ்சு வெட்டும் வேலை.

புதன்கிழமை வந்தது, போனது. அன்று சாயங்காலம் மகன் போன் செய்தான். சாப்பாடு, வெயில் என்று எதையெதையோ பேசினான். கடைசியில், "ரூமுக்கு ரெண்டாவது கட்டில் எடுத்துப் போட்டிருந்தேம்மா," என்றான்.

"யாராச்சும் நண்பன் வந்தா படுத்துக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கேள்விப் புத்தகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். வகுப்பு முடிந்திருந்தது. சுபிஜா மட்டும் கையில் ஸ்டேப்ளரோடு தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"புதுசா வாறவங்களுக்கு ஆகும்," என்று பையை மேசைமேல் வைத்தாள் பாக்கியசீலி.

சுபிஜா பையைப் பார்க்கவில்லை. "போனீங்களா?"

"போனேன்."

"அந்தப் பொண்ணு?"

"கதவைச் சாத்திட்டா."

"அப்புறம்?"

"நேத்து ஆயா சொல்லிச்சு. அண்ணன்காரன் வந்தானாம். அவ உலை வச்சாளாம், அவன் உக்காந்து சாப்பிட்டானாம்."

"அவ?"

"அவ சாப்பிட்டாளான்னு ஆயா பாக்கல. தட்டு ரெண்டு கழுவிக் கவுத்தியிருந்துச்சாம்."

சுபிஜா தலையசைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பொழுது மங்கிக்கொண்டு வந்தது. பாக்கியசீலி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"சொல்லிட்டா நெஞ்சு லேசாகும்னு நினைச்சேன் டீச்சர். எல்லாரும் அப்படித்தானே சொல்லுதாங்க. எல்லாத்தையும் குடுத்தாச்சு. பரீட்சை போச்சு, வார்டு போச்சு, பிள்ளையும் அங்கயே நின்னுட்டான். இன்னும் இது அப்படியே கல்லு மாதிரி கிடக்கு. ஒரு பொட்டுகூடக் குறையல. ஏன் டீச்சர்?"

சுபிஜா ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க வைத்தியம் பாக்கப் போனது யாருக்கு அக்கா?"

பாக்கியசீலி புடவைத் தலைப்பை விட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்தைத் தேடி எடுத்து, அதன் மேல் இரண்டாம் பக்கத்தை வைத்தாள்.